ஃபாரூக் பாயின் ஈசூன் மழை

சிராங்கூன் சாலையில் வெயில் மண்டையைப் பிளக்கும் வேளையில், ஃபாரூக் பாய் தன் கைக்கடிகாரக் கடையில் உட்கார்ந்தபடி, இப்போது ஈசூனில் மழை என்று அறிவிப்பார். வாடிக்கையாளர் கேட்டிருக்க மாட்டார். கேட்காதவர்களுக்குச் சொல்வதில்தான் பாய்க்குத் தனி ருசி. கைப்பேசியை நீட்டுவார். திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்.

அது அவருடைய சொந்த மழை. இணையத்தில் வாங்கிய மழைமானி ஒன்றைத் தன் ஈசூன் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, துணிக்கழி செருகும் குழாயில் கட்டி வைத்திருந்தார். தண்ணீர் விழுந்தால் அது தானே அளந்து கைப்பேசிக்கு அனுப்பிவிடும். காலையில் கடைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவருக்கு, ஜன்னலை எட்டிப் பார்க்கும் வேலை மிச்சம்.

நான் அதே மாடியில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். பகலெல்லாம் வீட்டில் இருக்கிறவள். அதனால் உண்மை எனக்குத் தெரியும். அது மழையே இல்லை. மேல்வீட்டு லீலாவின் படுக்கை விரிப்பு.

லீலாவின் கணவர் அண்ணாதுரை பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். விரிப்பைத் தினமும் மாற்றியாக வேண்டும். அவர்கள் வீட்டு மெஷின் துவைக்கும், பிழியாது. தண்ணீர் கனத்த விரிப்புகளை லீலா மூங்கில் கழியில் போட்டு வெளியே நீட்டுவாள். சொட்டுவதெல்லாம் நேரே பாயின் மானிக்குள் விழும்.

பாயின் மனைவி ஜரீனா இதை முதல் நாளே பார்த்துவிட்டாள். பார்த்தும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் பாய் புகார் எழுதுகிற மனிதர். நடைபாதையில் செருப்புக் கிடந்தால் எழுதுவார், எதிர்வீட்டுப் பூனை முறைத்தால் எழுதுவார். பக்கத்து வீட்டு ஆமினா பீவி ஜன்னலில் தரைத்துடைப்பானை உதறியதற்கு, குடியிருப்பைப் பராமரிக்கும் டவுன் கவுன்சிலுக்குப் படம் எடுத்து அனுப்பினார். அந்த அம்மாள் இன்றுவரை லிஃப்டில் ஜரீனாவைக் கண்டால் சுவரைப் பார்க்கிறார். லீலாவுக்கும் அப்படி ஒரு கடிதம் போனால் அவள் எங்கே போய் விரிப்பு காயவைப்பாள்? நோயாளிக் கட்டிலும் சக்கர நாற்காலியும் போக அந்த வீட்டில் ஒரு பாய் விரிக்கக்கூட இடம் கிடையாது.

"அவரு மழைன்னே நெனைச்சுக்கிட்டு இருக்கட்டும்க்கா," என்றாள் ஜரீனா என்னிடம். கடையிலிருந்து பாய் அழைத்து மழையா என்று விசாரித்தால், தண்ணீர் விழுகிறது என்பாள். ஐந்து வேளை தொழுகிறவள், பொய் சொல்ல மாட்டாள்.

மழை கிடைத்துவிட்டது, பிறகு கொள்கை கிடைக்காமல் இருக்குமா? சிலேத்தார் நீர்த்தேக்கத்து ஆவி நேரே எங்கள் அடுக்குமாடி புளோக்கின் தலைக்குமேல் வந்து குளிர்வதாகப் பாய் கண்டுபிடித்தார். வானிலைச் செயலி ஈசூனில் வெயில் என்று காட்டினால், செயலிக்குக் கண் தெரியவில்லை என்பார். மானிக்குள் வெள்ளையாகப் படிந்திருந்த சோப்புத்தூளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தொழிற்சாலை மாசு என்று பயந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மழை இரட்டிப்பானது. அன்று லீலாவின் நாத்தனார் ஒத்தாசைக்கு வருவாள், தலையணை உறையும் போர்வையும் சேர்ந்து துவைபடும். பாயோ, ஞாயிறன்றும் திறக்கும் தன் கடையில் உட்கார்ந்தபடி, விடுமுறையில் வாகனப் புகை குறைவதால் மேகம் தாராளமாகப் பெய்கிறது என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது, நிஜமான காரணத்தைத் தவிர.

அடுத்து மாடல் செய்தார். பழைய அளவுகளைக் கணினியில் போட்டு, வரப்போகும் மழையைக் கோடாக இழுத்தார். கொடுமை என்னவென்றால், அது பலித்தது. நாளைக்கு மழை என்று மாடல் சொல்லும், மறுநாள் தண்ணீர் விழும். இத்தனை துல்லியமாக எந்த நாட்டு வானிலை நிலையமும் சொன்னதில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

பெருமை பரவி, சமூக மன்றத்துத் தமிழ்க் குழு அவரைப் பருவநிலை பற்றிப் பேச அழைத்தது. பொன்னாடை உண்டு, சமோசாவும் உண்டு. நாத்தனாரை அண்ணாதுரையிடம் விட்டுவிட்டுக் கொஞ்சம் வெளிக்காற்று வாங்கட்டும் என்று ஜரீனாதான் லீலாவை அழைத்து வந்தாள். தன் கணவரின் பேச்சு என்றால் யாராயிருந்தாலும் தூங்கிவிடுவார்கள் என்ற தைரியம் அவளுக்கு. நாங்கள் மூவரும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம்.

பாய் நன்றாகவே பேசினார். கடைசியாக, இதுவரை அளந்த மழையை நீலக்கோடாகவும் அதன் தொடர்ச்சியாக அடுத்த ஆண்டுக்கான மாடலைச் சிவப்புக் கோடாகவும் திரையில் போட்டார். சிவப்புக் கோடு கூரையைப் பார்த்து ஏறியது. எல்லாரும் கை தட்டினோம். சிறப்பு விருந்தினராக வந்திருந்த நிவேதிதா, பருவநிலை ஆய்வு செய்கிற பெண், மட்டும் தட்டவில்லை. பக்கத்தில் இருக்கும் எந்த மானியிலும், பாய் மழை என்று காட்டிய நாட்களில் சொட்டு மழை இல்லையே என்றாள். மானி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பாய் சொன்னார்.

"மேல்வீட்ல துணி காயப்போடுவாங்களா சார்?"

"மேல்வீட்ல யாரு இருக்காங்கன்னே தெரியாதும்மா. சத்தமே வராது," என்றார் பாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வானத்தைக் கரைத்துக் குடித்த மனிதருக்குத் தலைக்குமேல் குடியிருப்பது யார் என்று தெரியவில்லை. புகார் எழுதினால்தான் அவருக்கு ஒருவர் அறிமுகம். ஜரீனா லீலாவின் கையை இறுகப் பிடித்தாள். ஆனால் லீலா எழுந்துவிட்டாள்.

"அந்தத் தண்ணி எங்க வீட்டுது பாய். என் வீட்டுக்காரரு படுக்கையில இருக்காரு. டவுன் கவுன்சிலுக்கு எழுதிடாதீங்க. வேற எங்க காயப்போடுறதுன்னு எனக்குத் தெரியல."

பின்வரிசையில் யாரோ, "அப்ப அது துணி மழை லா," என்றார். மண்டபம் சிரித்தது. பாயின் முகம் செத்துப்போனது. இருந்தும் மனிதர் விடவில்லை. தன் வரைபடத்தையாவது காப்பாற்றிக்கொள்ள நினைத்தாரோ என்னவோ, நீலக்கோட்டில் ஏப்ரல் மாதத்தின்மேல் விரலை வைத்தார்.

"இங்கேர்ந்து மழை திடீர்னு கூடியிருக்கே. அது எப்படி?"

"அப்பதான் அவருக்கு ரெண்டாவது ஸ்ட்ரோக் வந்துச்சு."

சிரிப்பு அடங்கிப்போனது. பாய் விரலை எடுத்தார். லீலாவின் கண் இப்போது திரையில் இருந்தது. சிவப்புக் கோட்டை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள்.

"அடுத்த வருஷம் இன்னும் கூடும்னு போட்டிருக்கீங்களே பாய். அப்படித்தான் ஆகுமா?"

நிவேதிதா குனிந்துகொண்டாள். பாய் திரும்பித் திரையைப் பார்த்தார், பிறகு லீலாவைப் பார்த்தார். தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இல்லம்மா," என்றார். "அது தப்பு. என் மாடல் தப்பு. நீங்க பாட்டுக்குக் காயப்போடுங்க."