பதினேழாம் செடியின் ரோமம்

விதை பார்க்கும் கண் எனக்கு உண்டு. நெல் விஷயத்தில் இதை இன்றைக்கும் கூச்சப்படாமல் சொல்வேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பூதப்பாண்டிக்கு அருகே ஒரு சோதனைப் பண்ணையில் உதவியாளனாக இருந்தேன். உள்ளங்கையில் நாலு மணியை உருட்டியே விதைக்கு ஆகுமா என்று சொல்லிவிடுவேன். அந்தத் தைரியத்தில்தான் சோயா மொச்சையிலும் கை வைத்தேன்.

செடிகளுக்கு எண் கட்டித் தனித்தனியாகக் காய் பறிக்க வேண்டும். ஒவ்வொரு செடியின் விதையிலும் பாதி திருவனந்தபுரம் போகும். அங்கே அரைத்து, எதில் புரதம் அதிகம் என்று பார்ப்பார்கள். அரைத்த விதை முளைக்காது. அதனால் மீதிப் பாதியை எண் எழுதிய உறையில் வைத்திருந்து, முடிவு வந்ததும் சிறந்ததை விதைக்க வேண்டும்.

நான் கொழுத்த விதைகளுக்கு மட்டும் உறை போட்டேன். நோஞ்சான்களின் மிச்சத்தையெல்லாம் ஒரே டின்னில் கொட்டினேன். பதரை யார் விதைக்கு எடுத்து வைப்பார்கள்?

முடிவு வந்தது. புரதத்தில் முதலில் நின்றது பதினேழாம் எண், டின்னுக்குள் போன நோஞ்சான். நடந்ததை அதிகாரிக்கு எழுதினேன். பதினேழைத் தேடி எடுத்தால் வேலை, இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று பதில் வந்தது. என் ஏட்டிலோ அது நின்ற இடம் தவிர வேறொரு குறிப்பும் இல்லை.

பண்ணையில் காய் பறிக்கும் கூலிப்பெண்ணிடம், அவளுக்கும் என் வயதுதான், சும்மா புலம்பினேன்.

"மேற்கு வரப்போரம் நிண்ண குட்டச் செடியா? எனக்கு நல்ல ஓர்மையுண்டு சாரே. காயெல்லாம் செம்பட்ட ரோமம், ஊசி கணக்கா. பறிச்ச அண்ணைக்குக் கையெல்லாம் ஊறல், சொறிஞ்சு சொறிஞ்சு செவந்துபோச்சு. தேங்காண்ணெ தேச்சும் போகல்ல."

எனக்கு உயிர் வந்தது. சோயாவில் தாய்ச்செடியின் குணம் பெரும்பாலும் மாறாமல் பிள்ளைக்கு வரும். டின்னை அப்படியே விதைத்தோம். காய் பிடித்ததும் அவள் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே போனாள். சில செடிகளில் மட்டும் கையை வெடுக்கென்று இழுத்தாள். அவற்றில் நூல் கட்டினேன். இம்முறை ஒவ்வொன்றுக்கும் உறையும் போட்டேன். திருவனந்தபுரத்துப் பதிலில் அதே புரதம்.

அடுத்த பருவத்தில், பதினேழாம் எண் தனிப் பாத்தியில் காய்த்து நின்றபோது அதிகாரி வந்தார்.

"கலந்ததிலிருந்து எப்படி ஓய் பிரித்தீர்?"

"விதை பார்க்கும் கண் இருக்கிறது சார்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்தவள் எழுந்தாள். சிவந்து தடித்திருந்த இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"சாருக்க கண்ணு ரெண்டும் இதிலயா இருக்கு?"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு முகம் செத்துவிட்டது. அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். ஏட்டைக் கொண்டுவந்து, தேர்ந்தெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை அவள் எதிரிலேயே அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மை காய்ந்ததும், அந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.