காளியப்பன் ஊன்றிய பலாக்கொட்டை

என் அப்பா காளியப்பன் செய்த குற்றம், லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாக்கொட்டையை ஊன்றியதுதான். கேட்டால் சிரிப்பீர்கள். 1913இல் யாரும் சிரிக்கவில்லை.

அப்போது நாங்கள் கடல் தாண்டிப் பிழைக்க வந்த உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒரு தகரப்பெட்டி இருக்கும். மூன்று வருஷம் பால் வெட்டிவிட்டு ஊருக்குக் கப்பலேற வேண்டும், அவ்வளவுதான் எல்லோர் பேச்சும். பெட்டிக்குள் அடங்காத எதையும் வாங்க மாட்டார்கள். கீரை போடுவார்கள், வெண்டை போடுவார்கள். வருஷக்கணக்கில் காத்திருந்து காய் பறிக்கிற மரத்தை மட்டும் வைக்க மாட்டார்கள். வைத்தால் ஊர் திரும்ப மாட்டோம் என்று நாமே சொன்னதாகிவிடுமாம். என் அப்பாவோ பெட்டியும் வாங்கவில்லை, மரத்தையும் வைத்தார். போதாததற்கு, மாரியம்மன் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று வாயையும் திறந்தார்.

“நான் எங்கயும் போகப் போறதில்ல. இதான் என் ஊரு.”

பெண்கள் “தூ, தூ” என்று துப்பினார்கள். கங்காணி சபாபதிக்கு முகம் கறுத்துவிட்டது. “நல்ல நாளும் அதுவுமா என்னா பேச்சுய்யா இது? தேங்கா ஒடச்சுத் தோஷம் கழி!” என்றார். அப்பா தேங்காயை உடைத்தார், பேச்சை மாற்றவில்லை. பிடிவாதக்கார மனுஷன்! அதற்குப் பிறகு அவரோடு பேசுகிறவர்கள்கூட நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள்.

எனக்குப் பதினேழு வயது ஆனபோது அதே சபாபதியின் மகனுக்கு என்னைக் கேட்டார்கள். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? மரம் அப்போதுதான் இரண்டாம் முறை காய்த்திருந்தது.

சபாபதி வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். “ஒன்ன மாதிரி என் மகனும் இந்தக் காட்டுலயே கெடந்து சாவணுமா? மொதல்ல மரத்த வெட்டு. அப்புறம் தட்டு மாத்திக்கலாம்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் காலையில் அவரே கோடாலியை எடுத்தார்.

கடைசியாகப் பழுத்த இரண்டு பழமும் சீர்வரிசையோடு என் மாமியார் வீட்டுக்கு வந்தன. மாமனார் சபாபதி நன்றாகச் சப்புக்கொட்டித்தான் சாப்பிட்டார். கொட்டைகளை நான் கொல்லைக் குப்பையில் கொட்டினேன். மழை முடிந்து பார்த்தால் ஒன்று முளைத்திருந்தது. பிடுங்கட்டுமா என்று மாமனாரிடம் கேட்டேன். “இருக்கட்டும் புள்ள. அது தானா மொளச்சது, நாமளா வச்சோம்? ஒண்ணும் தோஷமில்ல” என்றார். எப்படி இருக்கிறது நியாயம்!

பேச்சு எந்த நாளில் மாறியது என்று எனக்குத் தெரியாது. முதலில் ‘அடுத்த தீபாவளிக்குப் போறோம்’ என்றார்கள். பிறகு ‘புள்ளைங்க தலையெடுக்கட்டும்’ என்றார்கள். ஊருக்குப் போன இரண்டு குடும்பம் ஆறே மாதத்தில் திரும்பி வந்து, ‘அங்க நம்மள யாரு தேடுறா’ என்றது. அதைக் கேட்டு யாரும் துப்பவில்லை. அப்புறம் ஒரு வருஷம் கோயில் கூட்டத்தில் மாமனாரே எழுந்து, “இனிமே இதான் நம்ம ஊரு” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இதைத்தானே காளியப்பன் அன்றைக்குச் சொன்னான் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

1931இல் ரப்பர் விலை விழுந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இனி வேலை இல்லை, கப்பலேற்றி அனுப்பப்போகிறோம் என்றார் துரை. ஒரே ஒரு விலக்கு. இங்கேயே வேர்விட்டவன் என்று காட்ட, கொல்லையில் பத்து வயதுக்கு மேற்பட்ட மரம் நிற்க வேண்டும். அப்படி மரம் வைத்திருப்பவன் வீட்டையும் கொல்லையையும் வைத்துக்கொண்டு இருந்துவிடலாம். மரம் வைக்கத்தான் அந்தக் காலத்தில் யாரையும் விடவில்லையே!

துரை வந்தபோது அப்பா வெட்டுப்பட்ட அடிக்கட்டையைக் காட்டினார். “பதினெட்டு வருஷத்துக்கு முந்தி நான் வச்சது தொரை.”

ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார். துரை செல்லாது என்று தலையை ஆட்டிவிட்டு எங்கள் கொல்லைக்கு வந்தார். பலாமரம் காயும் பிஞ்சுமாக நின்றது. மாமனார் அதன்மேல் கையை வைத்தார்.

“இது நான் வச்ச மரம் தொரை. நாங்க எங்கயும் போக மாட்டோம். இதான் எங்க ஊரு.”

அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். வீடு மாமனார் பெயரில். நான் வாயைத் திறந்தால் என் மூன்று பிள்ளைகளுக்கும் கூரை இல்லை. இரண்டாவது தடவையும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று அன்று மாலை கிராணியிடம் போய்க் கெஞ்சினேன். பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று அனுப்பிவிட்டார்.

புறப்படுகிற அன்று அப்பா வேட்டி துண்டைச் சாக்கில் சுருட்டிக்கொண்டிருந்தார். மாமனார் தம் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியில் அவர் ஊர்ப் பெயர் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும்.

“சம்பந்தி, சாக்குலயா போவாங்க? இத எடுத்துக்குங்க. எனக்கு இனி எதுக்கு?”

அந்த மனுஷனை அறைய வேண்டும்போல் எனக்குக் கை துறுதுறுத்தது. அப்பா வாங்கிக்கொண்டார்.

சிங்கப்பூர்க் கப்பல்துறை வரைக்கும் நான் கூடப் போனேன். மேசையில் பெயர் எழுதுகிறவர், “எந்த ஊரு?” என்று கேட்டார்.

“உலு திராம்” என்றார் அப்பா.

“யோவ், போற ஊரக் கேட்டா வந்த ஊரச் சொல்றியே!” என்று எரிந்து விழுந்தார் அவர். பிறகு எட்டிப் பெட்டியின் மூடியைப் பார்த்து, சபாபதியின் ஊரை எழுதிக்கொண்டார்.