பாத்ரூம் மேடம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அரசு மானியத்தில் நடக்கும் குழந்தைக் காப்பகங்களைச் சோதனை போடுகிற ஆய்வாளர் அவர். நான் அவருடைய ஜீப் டிரைவர். அவர் உள்ளே போனால் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பது என் உத்தியோகம்.

காப்பகத்தில் எத்தனை குழந்தைகளோ, தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கும். ஆயாக்களுக்குச் சம்பளமும் கொடுக்கும். அதனால் சோதனை நாளன்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை இரவல் வாங்கி, சீருடையை மாட்டி உட்கார வைத்துவிடுவார்கள். மற்ற ஆய்வாளர்கள் தலையை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். மேடம் எண்ணவே மாட்டார். ஏதாவது ஒரு பிள்ளையிடம் குனிந்து, "கண்ணு, பெரியம்மாவுக்கு அவசரம். பாத்ரூம் எங்க இருக்கு?" என்பார். தினமும் வருகிற பிள்ளை என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். எந்தக் குழாய் ஒழுகும், எந்தத் தாழ்ப்பாள் மக்கர் பண்ணும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போகும். இரவல் பிள்ளை திருதிருவென்று முழிக்கும். அதற்கப்புறம் காப்பகக்காரர் என்ன கதை அளந்தாலும் எடுபடாது.

இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

எந்தக் காப்பகத்திலும் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கேட்டால், "குடிச்சா, எழுதும்போது தயவு தாட்சண்யம் வந்துடும்ணே" என்பார். மதியச் சாப்பாடும் ஜீப்பில்தான். எனக்கும் கொஞ்சம் எடுத்து வைப்பார். உப்பு தூக்கலாக இருக்கும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். தாய் போன பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்ததிலேயே வயது ஓடிவிட்டது. அந்தத் தங்கையின் புருஷன் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போனான். அவனைப் பற்றிப் பேச எனக்கு வாய் கூசுகிறது. தங்கைக்குத் தையல் கம்பெனியில் வேலை. அவள் மகள், பேச்சு மழலை மாறாத ஒரு வாண்டு. வீட்டில் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவார்கள். மேடத்துக்கு உயிரே அந்தச் சிட்டுதான்.

சிட்டுவை ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். அந்தக் காப்பகத்தம்மாவுக்கு ஊருக்குள் மூன்று காப்பகங்கள், எக்கச்சக்கச் செல்வாக்கு. சேர்த்த கையோடு மேடத்துக்கு ஒரு உத்தரவு வந்தது. சொந்தக்காரக் குழந்தை இருக்கும் இடத்தை ஆய்வாளர் சோதிக்கக் கூடாது. விதி நல்ல விதிதான், ஏமாற்று நடக்கக் கூடாது என்று போட்டதுதான். முதலாளி ஒருவரே என்பதால் அந்தம்மாவின் மூன்று காப்பகங்களும் டீ சாரிடம் போயின. டீ சார் இன்னொரு ஆய்வாளர். கிளம்புவதற்கு முன்பே போன் பண்ணிச் சொல்லிவிட்டு, போய் டீ குடித்துவிட்டு வருகிற உத்தமர்.

கொஞ்ச நாளில் சிட்டு மாறிப்போனாள். ஜீப் சத்தம் கேட்டாலே தெருவுக்கு ஓடி வந்து, "டைவர் மாமா, ஆரன் அடி!" என்று என் உயிரை எடுக்கிற பிள்ளை. ஒரு நாள் சாயங்காலம் மேடத்தை இறக்கிவிடப் போனால், வாசற்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆரன் அடித்தேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

தங்கை பெருமையாகச் சொன்னாள். "அங்க போனதுலேர்ந்து எவ்ளோ சமத்தாயிட்டா பாருக்கா. ஒரு அடம் கிடையாது, அழுகை கிடையாது."

மேடம் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

அந்த வாரம் காப்பகத்தில் பெற்றோர் கூட்டம். மேடம் பெரியம்மா என்ற முறையில் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். சுவரெல்லாம் பூவும் யானையும் வரைந்து, தரை பளபளவென்று இருந்தது. காப்பகத்தம்மா வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "வாங்க மேடம், உங்க குழந்தை எங்க குழந்தை" என்று ஒரே உபசாரம். சிட்டு தாயின் தோளில் கிடந்தாள்.

பழக்க தோஷமோ என்னவோ, மேடம் அவளைக் கீழே இறக்கிவிட்டு, "சிட்டு, பெரியம்மாவுக்குப் பாத்ரூம் காட்டு" என்றார்.

பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தாள். இந்தக் கதவைப் பார்த்தாள், அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு, "இங்க இல்ல பெரியம்மா. வேன்ல போற வீட்ல இருக்கு" என்றாள்.

மேடம் எழுந்து, தானே தேடிப்போய் ஒரு கதவைத் திறந்தார். நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். குழந்தைகளுக்கான குட்டிக் கழிப்பறை. காய்ந்து கிடந்தது. கோப்பையின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கிழிக்கவில்லை.

அன்றைக்கே அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "குழந்தை ஏதோ உளறினதுக்கெல்லாம் நடவடிக்கை எடுக்க முடியுமா? நீங்க அந்தப் பக்கமே போகக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும். அடுத்த வாரம் நோட்டீஸ் குடுத்துட்டு அவரையே அனுப்புறேன்" என்றார். அவர் கை காட்டிய இடத்தில் டீ சார் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் தங்கையும் எரிந்து விழுந்தாள். "உனக்கு எங்க பாத்தாலும் திருட்டுதான்க்கா தெரியும். பக்கத்துல எங்கயாவது விளையாடக் கூட்டிட்டுப் போவாங்களா இருக்கும். இந்த இடத்தையும் விட்டுட்டா நான் வேலைக்குப் போறதா, இவள வச்சுக்கிட்டு வீட்ல உக்காந்துக்கிறதா?"

அவள் மேலும் தப்புச் சொல்ல முடியாது.

மறுநாள் மேடம் லீவு போட்டார். "ஜீப் வேணாம்ணே, ஊருக்கே தெரியும். உங்க ஸ்கூட்டர எடுங்க." என் ஸ்கூட்டர் எழுப்புகிற சத்தத்துக்கு ஜீப்பே தேவலை. இருந்தாலும் எடுத்தேன். காப்பகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையோரம் நின்றோம். தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தங்கையும் சிட்டுவை விட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். தெரு கொஞ்சம் அடங்கியதும் பின்வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சாமான் ஏற்றுகிற மாதிரி பிள்ளைகளை ஏற்றினார்கள்.

பின்தொடர்ந்தோம். வேன் அந்தம்மாவின் இரண்டாவது காப்பகத்துக்குப் போய் இன்னும் சில பிள்ளைகளை ஏற்றியது. மூன்றாவதிலும் அப்படியே. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. மூன்று காப்பகமாவது ஒன்றாவது! எல்லாப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் அடைத்து வைத்துவிட்டு, எந்தக் காப்பகத்துக்குச் சோதனை வருகிறதோ அங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அதே பிள்ளைகளுக்கு மூன்று இடத்தில் மானியம். டீ சார் போன் பண்ணுவது எதற்கு என்றும் புரிந்தது. பாவிகள்!

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டர் நின்று தொலைத்தது. உதைத்தேன், திட்டினேன், கெஞ்சினேன். வேன் கண்ணை விட்டு மறைந்தது. வண்டி உயிர் பெற்றதும் தெருத் தெருவாக அலைந்தோம். உச்சி வெயிலில், பட்டறைகள் இருக்கிற ஒரு சந்தில் அந்த வேன் காலியாக நிற்பதைப் பார்த்தோம். டிரைவர் இல்லை. எதிரே தகரக் கதவு போட்ட ஒரு குடோன். வெளியே பூட்டு தொங்கியது.

மேடம் கதவைத் தட்டினார். "சிட்டு! சிட்டும்மா!" என்று கத்தினார். சத்தமே இல்லை. காதை வைத்துக் கேட்டார். ஒரு இருமல்கூட இல்லை.

பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் வெளியே வந்தார். "யாரைத் தேடுறீங்க? அது சரக்கு வைக்கிற குடோனுங்க."

"உள்ள குழந்தைங்க இருக்காங்க."

"குழந்தைங்களா?" அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். "நான் தினமும் இங்கதான் இருக்கேன். ஒரு நாள் கூட ஒரு சத்தமும் வந்ததில்லையே."

மேடம் அவர் பட்டறைக்குள் புகுந்து ஒரு இரும்புக் கம்பியை எடுத்து வந்தார். நான் தடுத்தேன். உத்தரவு இருக்கிறது, பூட்டை உடைத்தால் வேலை போய்விடும், போலீசைக் கூப்பிடலாம் என்றேன். "கூப்பிடுங்கண்ணே, யாரு வேணாங்குறா" என்று சொல்லிக்கொண்டே பூட்டில் ஓங்கி அடித்தார். அப்புறம் நான் கம்பியை வாங்கிக்கொண்டேன். தகரம் அதிர்ந்து சந்தே கூடிவிட்டது. உள்ளே எதுவும் அசையவில்லை.

கதவு திறந்தது. புழுக்கமும் மூத்திர நாற்றமும் முகத்தில் அடித்தன. கோரைப்பாய்களில் பிள்ளைகள் வரிசையாகக் கிடந்தார்கள். அவ்வளவு இடிக்கும் ஒருத்தர் கண் விழிக்கவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். செத்துப்போய்விட்டார்கள் என்றே நினைத்தேன், பொய் சொல்லவில்லை. மேடம் ஒவ்வொரு மூக்கிலும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். "மூச்சு இருக்கு. மூச்சு இருக்கு. ஆம்புலன்சக் கூப்பிடுங்க!" சிட்டு மூலையில் கிடந்தாள். தூக்கினார். தலை பின்னால் தொங்கியது.

அப்போது ஒரு பெண் பால் பாக்கெட்டுகளோடு ஓடி வந்தாள். எத்தனையோ ஆயாக்களுக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது, இருந்தவள் அவள் ஒருத்தி. "ஒத்த ஆளு நான் எத்தன பிள்ளைங்கள மேடம் பாக்குறது? முதலாளியம்மாதான் தூங்க வைக்க இருமல் மருந்து குடுக்கச் சொன்னாங்க. இன்னிக்கு ரொம்ப அழுதுச்சுங்க, ரெண்டாவது தடவையும் குடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளை அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு இறக்கிக்கொண்டேன்.

பிள்ளைகள் எல்லாரும் பிழைத்தார்கள். காப்பகத்தம்மாவைப் பிடித்தார்கள். மேடத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு கடுதாசியும் வந்தது, விதியை மீறினாராம். நாசமாய்ப் போக. இப்போது ஆய்வாளர்கள் எல்லோரும் முன்னறிவிப்பு இல்லாமல் போய், பாத்ரூம் எங்கே என்று கேட்கிறார்கள். ஆனால் அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நான் பார்த்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

தங்கை கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தாள். மேடம் சிட்டுவின் பாதத்தைப் பிடித்தபடி நின்றார். பிள்ளை மெல்லக் கண் திறந்தாள். மேடம் என் பக்கம் திரும்பி, வாய்விட்டுச் சிரித்தார். அந்த நேரம் நர்ஸ் ஒருவர் உள்ளே வந்தார், கையில் மருந்து ஊற்றும் சின்ன மூடி. அதைப் பார்த்ததும் சிட்டு இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, விறைப்பாகப் படுத்து, கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"நான் தூங்கிட்டேன் ஆயாம்மா" என்றாள். "எனக்கு வேணாம். நான் தூங்கிட்டேன்."