இருபதாவது தலை

எங்கள் ஸ்கேன் பிரிவில் அவரை எல்லோரும் ‘அசையாத அக்கா’ என்போம். படுக்கையில் கிடப்பவரிடம் ஒரு நாளைக்கு நூறு முறை “அசையாதீங்க” என்று சொல்லிச் சொல்லி வந்த பேர். பதினேழு வருடமாக அவர் கையில் ஓடுவது ஒரு பழைய காமா கேமரா. எலும்பு, தைராய்டு, மூளை எதையும் படமெடுக்கும். பக்கத்துக் கட்டடத்தில் மூளைக்கென்றே ஒரு பெட் (PET) ஸ்கேனர் வந்து இறங்கியது. விலை ஐந்து மடங்கு.

மூளை எந்த இடத்தில் எவ்வளவு சர்க்கரை தின்கிறது என்பதை இரண்டும் ஒரே மாதிரி காட்டுகின்றனவா? இருபது பேரை இரண்டிலும் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். கணக்குப் போட என்னை வைத்தார்கள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான எனக்கு அது முதல் ஆராய்ச்சி, நடையிலேயே மிதப்பு. பழையது தேறினால் மூளைப் படம் அக்காவிடமே இருக்கும். தேறாவிட்டால் அவருக்கு எலும்பு மட்டும் எடுக்கும் எலும்பறைதான்.

பத்தொன்பது பேருக்குப் பொருந்தியது. இருபதாவது, வலிப்புக்காக அறுவைக்குக் காத்திருந்த ஒரு தையல்காரம்மா. புதியதில் இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் சர்க்கரை குறைந்து சின்னதாக இருண்டிருந்தது; வலிப்பு கிளம்பும் இடம். பழையதில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல!

“நான்தான் தம்பி. அவங்க பயந்து நடுங்குனாங்க, பேச்சுக் கொடுத்தேன். சிரிச்சிட்டாங்க. தல ஆடிடுச்சு” என்றார் அக்கா.

“நீங்களா! சரி விடுங்கக்கா, இவங்கள மட்டும் கணக்குலேர்ந்து எடுத்துடலாம். ஆடுனதுன்னு எழுதிக்கலாம்.”

“பெரிய படிப்பு படிச்சிருக்கியே! அங்க பதினஞ்சு நிமிஷம், இங்க நாப்பது. நான் சிரிக்க வைக்கலேன்னா ஒரு தும்மல் வரும். மெதுவா எடுக்குறதும் இதோட குணம்தான? இந்தம்மாவுக்கு இது ஒண்ணுதான் கதின்னு இருந்திருந்தா? எழுதுப்பா, உள்ளத உள்ளபடி.”

மனசில்லாமல், இருபதாவதையும் சேர்த்தே எழுதினேன்.

அடுத்த மாதம் மூளை நோயாளிகள் எல்லோரும் அந்தக் கட்டடத்துக்குப் போனார்கள். அக்கா எலும்பறைக்கு மாறினார்; இரண்டு நாள் டீ குடிக்கக்கூட வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் எலும்பறைக்கு ஓடிப்போய், காலையில் தையல்காரம்மாவுக்கு அறுவைத் தேதி குறித்துவிட்டார்கள் என்றேன்.

“காலையிலயே தெரியும்ல உனக்கு? இத சொல்ல இவ்ளோ நேரமா?” என்று ஏசிவிட்டு, எனக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காரு. எந்தத் தேதி? எந்த டாக்டரு? மொதல்லேர்ந்து சொல்லு.”