கவிழ்க்காத கிண்ணம்

அன்று எனக்கு விடுமுறை. காலையில், நானும் மலர் அக்காவும் வேலை செய்யும் ரொட்டிக் கடை முதலாளியம்மா தொலைபேசியில் அழைத்து, மலர் வேலைக்கு வரவில்லை, அழைத்தால் எடுக்கவுமில்லை என்று பிரெஞ்சில் படபடத்தார். ஒரு நாளும் பிந்தாத மனுஷி. மொன்றியலின் கார்ட்டியர்வில் பகுதியில் அக்காவின் வீடு எனக்கு அடுத்த தெருதான். கட்டடக் காவலாளி கதவைத் திறந்துவிட்டார். சமையலறைக் கதிரையில், சுவரில் தலையைச் சாய்த்தபடி அக்கா இருந்தார். இதயம் நின்றுவிட்டது என்று பிறகு டொக்டர் சொன்னார். அக்காவுக்குப் பொட்டு வைக்க வந்த கையை நான் ஏன் பிடித்தேன் என்று செத்தவீட்டில் உங்களில் பலர் கேட்டீர்கள். அன்று என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

மட்டக்களப்பில் அக்கா கலியாணம் முடித்த கொஞ்சக் காலத்திலேயே, சந்தைக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. சண்டைக் காலம். உடலும் இல்லை, தகவலும் இல்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை, திவசமும் கொடுக்கவில்லை. லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போய், அங்கே ஒரு மலைநகரத்தில் நீண்ட காலம் இருந்துவிட்டு, தம்பி கூப்பிட்டு மொன்றியலுக்கு வந்தார்.

நான் கடையில் சேர்ந்த புதிதில், கோப்பிக் கிண்ணங்களைக் கழுவி, எங்கள் வீடுகளில் செய்வதுபோலக் கவிழ்த்து அடுக்கினேன். அக்கா மாக்கையோடு ஓடிவந்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். "கவுக்காத புள்ள! ஆரோ வந்து குடிச்சிட்டுப் போயிட்டாங்க எண்டாகிடும்." இதென்ன கூத்து என்று நான் சிரித்தேன். முதலாளியம்மாவும் அக்கா இருந்த அதே லெபனான் மலைப் பக்கத்துக்காரி. அவர் சிரிக்கவில்லை. துணியை எடுத்து, அக்காவோடு சேர்ந்து கிண்ணங்களைத் துடைக்கத் தொடங்கினார்.

பிறகொரு நாள், வேலை ஓய்ந்த நேரத்தில் அக்கா காரணம் சொன்னார். அந்த ஊரில் எல்லாம் செங்குத்தான படிகள், சிவப்பு ஓட்டுக் கல்வீடுகள், சரிவுகளில் அப்பிள் மரங்கள். எதிர்மலையில் ஒருவர் இருமினால் இங்கே கேட்குமாம். பின்னேரமானால் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வரும். "கதவச் சாத்தினாலும் உள்ள வரும் புள்ள. வந்து கதிரையில செத்த ஆக்கள் இரிக்கிற மாதிரி இரிக்கும்."

அக்கா வேலை செய்த வீட்டு எசமானியம்மாவான மதாமின் மகன் அந்த நாட்டுச் சண்டையில் காணாமல் போனவன். அந்த ஊரில் சாவீட்டுக் கோப்பிக்குச் சீனி போடமாட்டார்கள். மகன் செத்துவிட்டான் என்பதை மதாம் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அவர் வீட்டில் கசப்புக் கோப்பியே கிடையாது. பனி ஏறும் நேரம் பால்கனியில் அவனுக்கென்று சீனி போட்ட கோப்பி ஒன்று வைப்பார். குடித்து முடித்தவர் கிண்ணத்தைச் சிறுதட்டில் கவிழ்ப்பது அங்கே வழக்கம். உள்ளே மண்டியில் விழும் கோடுகளைப் பார்த்துக் குறி சொல்வார்கள். ஒருநாள் பனி இறங்கியபோது, பால்கனிக் கிண்ணம், வந்து குடித்துவிட்டுப் போனவர் வைத்ததுபோல, தட்டின் நடுவில் கவிழ்ந்திருந்தது. "மதாம் அழல்ல. இண்டைக்குச் சீனி போடாத எண்டு மட்டும் சொன்னா." பொழுதுபடுவதற்குள், யாரும் சொல்லியனுப்பாமலே, ஊர் கறுப்பு உடுத்துத் துக்கம் கேட்கப் படியேறி வந்ததாம்.

"காத்து தட்டியிருக்கும் அக்கா" என்றேன்.

"காத்துத் தட்டினா உடையும் புள்ள. வடிவா நடுவில நிக்காது."

ஆற்றைப் பார்த்த அக்காவின் பால்கனியிலும் பனி நாட்களில் கணவருக்கென்று சீனி போட்ட கோப்பிக் கிண்ணம் ஒன்று இருக்கும். பனி போனதும் ஆறிய கோப்பியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, "இன்னும் வரல்ல" என்பார், பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல. எனக்குக் கோபம் வரும். "செத்த மனுசனுக்காக ஏனக்கா உங்கட சீவியத்தை வீணாக்கிறியள்?" என்று ஒருமுறை கத்தியே விட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அவர் வந்து குடிச்சா நானே உனக்குச் சொல்லுவன். அதுவரைக்கும் பொறு" என்றார்.

அன்று காலையும் ஆற்றில் பனி. நான் உள்ளே போனபோது அது விலகத் தொடங்கியிருந்தது. பால்கனிக் கதவு திறந்து கிடந்தது. வெளியே கிண்ணம் தட்டின் நடுவில் கவிழ்ந்திருந்தது. அடுப்பில் கோப்பி இன்னும் சூடாக இருந்தது. மேசையில், யாருக்கோ ஆயத்தமாக, வெறுங்கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஒரு கரண்டி கோப்பி எடுத்து நாக்கில் வைத்தேன். சீனி இல்லை. அதன் பிறகுதான் அக்காவின் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். பொட்டு இல்லை. நெற்றியில் சிவப்பு ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது.

"சுமங்கலியாப் போன மகராசி" என்று சொல்லிக்கொண்டு அக்காவின் தம்பி மனைவி குங்குமத்தோடு வந்ததை நீங்கள் பார்த்தீர்கள். விதவைகள் பொட்டழிப்பதை நான் வெறுக்கிறவள். அப்பா போன பிறகு அம்மாவின் நெற்றியில் நானே திரும்ப வைத்துவிட்டவள். ஆனாலும், காத்திருந்து முடித்த ஒருத்தியின் நெற்றியில் அந்தக் காத்திருப்பைத் திரும்பவும் பூசிவிட எனக்கு மனம் வரவில்லை. "வேண்டாம், அவவே அழிச்சவ" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

அந்தக் கிண்ணம் என்னிடம் இருக்கிறது. காற்று தட்டியிருக்கலாம். அணில் தள்ளியிருக்கலாம். அக்காவே கவிழ்த்திருக்கலாம். எதையும் நம்ப நான் தயார். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவியபோது, பழக்கத்தில் கவிழ்க்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது. துடைத்து நிமிர்த்தி வைத்தேன். இப்போது ஆற்றில் பனி ஏறும் நாட்களில், யாருக்கும் சொல்லாமல், சீனி போட்ட கோப்பி ஊற்றி என் பால்கனியில் வைக்கிறேன். பனி விலகியதும் பயந்து பயந்து போய்ப் பார்க்கிறேன். இதுவரை நிமிர்ந்தே இருக்கிறது. கவிழ்ந்திருந்தால் அன்றைக்கு மலர் அக்காவுக்காகச் சீனியில்லாத கோப்பி போட வேண்டிவரும். அதற்கு எனக்கு இன்னும் மனமில்லை.