தெய்வமா, தய்யமா?

ஐம்பதுகளின் நடுவில், ஒரு தை மாத வெள்ளிக்கிழமை. ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. எனக்குப் பதினாலு வயது. என் அக்காவைப் பெண் பார்க்க மத்தூரிலிருந்து வருவதாக இருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. எனக்கு மட்டும் நல்ல தூக்கம்.

பெங்களூரில் வேலை பார்த்த எங்கள் சித்தப்பா, பழைய புத்தகக் கடையில் வாங்கிய இங்கிலீஷ் படப் புத்தகம் ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார். அட்டை கிழிந்தது. அதன் கதாநாயகன் கறுப்பு அங்கி போட்ட முகமூடிக்காரன். முகம் மண்டையோடு மாதிரி இருக்கும். சுடுகாட்டிலிருந்துதான் கிளம்புவான், ஆனால் நல்லவன். திருடர்களைப் பிடித்து உதைப்பான். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டும் அளவுதான். படத்துக்காகவே பைத்தியமாக இருந்தேன். பாதி முகத்தை இருட்டில் விட்டு மீதியில் ஒரு கண்ணை மட்டும் வரைந்திருப்பார்கள், பார்க்கவே பயமாயிருக்கும். ஆனாலும் பக்கத்தைத் திருப்ப மனசு வராது. ஒருநாள் கிட்டத்தில் வைத்துப் பார்த்தபோது, சிவப்பு நிறமெல்லாம் பொடிப் பொடிப் புள்ளிகள் என்று தெரிந்தது. அட, இவர்களும் நம்மைப்போலப் புள்ளி வைத்துத்தான் போடுகிறார்கள்! அன்றிலிருந்து என் கோல நோட்டு முழுக்க அந்த முகமூடிக்காரன்தான்.

அன்று காலையில் அம்மா, "வர்றவங்க வாசல்லயே அசந்து நிக்கணும், அப்பிடிப் பெரிசா போடுடி" என்று சொல்லிவிட்டுக் கேசரி கிளறப் போய்விட்டாள். போட்டேன். இருபத்தொரு புள்ளி. அங்கிக்குக் கரித்தூள், உதட்டுக்குச் செம்மண், மண்டையோட்டுக்கு நல்ல வெள்ளைக் கோலமாவு. வாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அங்கி விரிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் சாக்கடை, ஒதுங்கிப் போக வழியில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பா மாப்பிள்ளை வீட்டாரை ஜட்கா வண்டியில் அழைத்து வந்தார். வண்டிக்காரர் தெலுங்குக்காரர். வாசலைப் பார்த்ததும் குதிரையை இழுத்து நிறுத்தி, "தய்யம்! தய்யம்!" என்று கத்தினார்.

தெலுங்கில் தய்யம் என்றால் பேய். மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தெலுங்கு தெரியாது. அவர் காதில் தெய்வம் என்றுதான் விழுந்தது. சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தெய்வத்த எப்பிடிங்க மிதிச்சிக்கினு போறது?"

மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குத் தெலுங்கு தெரியும். "தெய்வம் இல்லம்மா, பேய்ங்குறான்! நல்ல காரியத்துக்கு வந்து பேயைத் தாண்டறதா?" என்றார்.

தெய்வம் என்றால் மிதிக்கக் கூடாது, பேய் என்றால் தாண்டக் கூடாது. அம்மா ஆசைப்பட்டபடியே எல்லோரும் வாசலில் நின்றார்கள். பத்தரைக்கு ராகு காலம். மணி பத்தைத் தாண்டியிருந்தது.

"என்னாடி இது?" என்றார் அப்பா. குரலிலேயே அடி இருந்தது. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"திருஷ்டி பொம்மைங்கப்பா."

பெரியப்பாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "ஓ! எங்க கண்ணு கொள்ளிக்கண்ணுன்னு பொம்மை போட்டு வெச்சிருக்கீங்களா? வண்டிய திருப்புய்யா!" மாப்பிள்ளையின் அம்மா கழற்றிய செருப்பைத் திரும்பவும் மாட்டிக்கொண்டார். அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது இடமும் போயிற்று, அதுவும் என்னால்.

அப்போதுதான் அக்கா வெளியே வந்தாள். கூப்பிடும்வரை தலையைக் காட்டக் கூடாதவள், பட்டுப்புடவையோடு, பாதி வைத்த பூவோடு, விறுவிறுவென்று நடந்து வந்தாள். நேராக முகமூடிக்காரனின் நெஞ்சில் காலை வைத்து நின்றாள்.

"இது சாமியும் இல்லீங்க, பேயும் இல்லீங்க. இங்கிலீஷ் படப் புஸ்தகத்துல வர்ற ஆளு, திருடன புடிக்கிறவன். என் தங்கச்சி பயந்துபோயி பொய் சொல்லிட்டா. ஆனா நல்லாத்தான் போட்டிருக்கா, பாருங்க. மிதிச்சிக்கினே வாங்க, ஒண்ணும் ஆவாது."

மாப்பிள்ளையின் அம்மா அக்காவை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"பொண்ண நடக்கச் சொல்லிப் பாக்கணும், பேசச் சொல்லிக் கேக்கணும்னு வந்தேன். ரெண்டும் வாசல்லயே ஆயிப்போச்சு" என்று சிரித்துவிட்டு, அங்கியை மிதித்துக்கொண்டு உள்ளே போனார். பெரியப்பா முனகிக்கொண்டே பின்னால் போனார். மாப்பிள்ளை மட்டும் குனிந்து கோலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவர் பெண்ணைப் பார்த்தாரா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அக்காவிடம் நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. இரண்டு அடிக்குப் பயந்து நான் பொய் சொன்னேன். அவளோ இந்தச் சம்பந்தமும் தட்டிப்போகும் என்ற நேரத்தில் உண்மையைச் சொன்னாள், என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. என் பிள்ளைகள் எதையாவது செய்துவிட்டுத் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம், அதில் நல்லாயிருப்பது எது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் நான் திட்டவே ஆரம்பிக்கிறேன்.