ஆபிரிக்கப் படங்களுக்கு எழுத்துத் தட்டியவன்

திரையின் அடியில் விழும் மொழிபெயர்ப்பு எழுத்தை யாரோ ஒருவன் இருட்டில் இருந்து வரிவரியாகத் தட்டிவிடுகிறான் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டால், அவன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம். கொலோனில் நடக்கும் ஆபிரிக்கப் படவாரத்தில் ஐந்து வருடம் நான்தான் அந்த ஆள். பழைய படச்சுருள்களில் ஜேர்மன் எழுத்து இருக்காது. மடிக்கணினியில் உள்ள பட்டியலை ஒவ்வொரு வரியாக நான் திரையில் விழுத்த வேண்டும். படத்தில் பேசும் மொழி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. வாயசைவைப் பார்த்துத் தட்டுவேன். அடுத்தவர் கனவுக்காகக் கண்விழித்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

மாடுகள் ஆறு கடந்தபோது

முதல் வருடம், ஒரு செனகல் படம். இருநூறு மாடுகள் ஆற்றில் இறங்கின. கொம்புகள் மட்டும் தண்ணீருக்கு மேலே மிதந்து வந்தன. நானும் கூடவே இறங்கிவிட்டேன். கரையேறிப் பார்த்தால் படம் அடுத்த காட்சிக்குப் போய்விட்டது, நான் பதினான்கு வரி பின்னால் நிற்கிறேன்.

இன்னொரு தடவை கனவு கண்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்றார் படவாரத்தை நடத்தும் ஹைக்கே. ஓசி டிக்கெட்டில் வந்திருந்த என் மனைவியின் கவலை வேறு: "இஞ்சேருங்கோ, அந்த மனிசன் தனியத்தானே மாடு மேய்க்கிறான், பிறகேன் மாமியாரோட சண்டை பிடிக்கிறான்?"

குளிர் அறை

மாலியிலிருந்து வந்த முதிய இயக்குநர் ஒருவர் படம் முடிந்ததும் மேடையில் பேசினார். வெள்ளையர் ஆட்சியில் சொந்த ஊரில் கமராவைத் தூக்கவே அனுமதி வாங்க வேண்டியிருந்ததாம். சுதந்திரம் வந்து படம் எடுத்தார்கள். எடுத்த படத்தைக் கழுவ ஊரில் ஆய்வுகூடம் இல்லை. சுருளைப் பாரிஸுக்கு அனுப்பினார்கள், அது அங்கேயே தங்கிவிட்டது.

இந்தப் படத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். "இப்போதுதான். அது ஐரோப்பாவில் காப்பகக் குளிர் அறையில் சுகமாகப் படுத்திருக்கிறது, வந்து பார்க்க எனக்குத்தான் விசா வேண்டும்."

லாகோஸ் பெண்

நைஜீரியாவில் தியேட்டரை நம்பாமல் வீடியோவில் படமெடுத்துச் சந்தையில் கசெட்டாக விற்றார்களே, அதைப் பார்த்து வளர்ந்த இயக்குநர் இவள். முழுப் படத்தையும் ஒரு பென்டிரைவில் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தாள். எழுத்துப் பட்டியல் எங்கே என்றேன். சிரித்தாள்.

"எங்கள் ஊரில் படமெடுப்பவரே எழுத்தும் போட்டுவிடுவார். நீங்கள் போய்ப் பொப்கோர்ன் சாப்பிடுங்கள்."

பானைக்குப் பக்கத்தில்

படவாரத்துக்கு வரும் மரியாமாவும் அந்த முதிய இயக்குநரைப் போல மாலிக்காரி, இங்கே முதியோர் இல்லத்தில் தாதி. போன வருடம் என்னிடம் வந்து, "நாளைக்குப் போடும் பழைய படத்தில் கல்யாண வீட்டுக் காட்சி இருக்கிறதாம். சமைக்கிற பெண்களில் ஒருத்தி என் அம்மா. என்னிடம் அவளுடைய ஒரு ஃபோட்டோகூட இல்லை. முகம் மறந்துகொண்டு வருகிறது" என்றாள்.

மறுநாள் காலை ஒத்திகை பார்த்தேன். அவளுக்குக் காலை வேலை, வர முடியவில்லை. காட்சி வந்தது. பானைக்குப் பக்கத்தில், திரையின் அடிவிளிம்பில், ஓர் இளம்பெண் குந்தியிருந்தாள். மரியாமாவின் அதே கன்னம். என் எழுத்து நேரே அவள் முகத்தில் போய் விழுந்தது. எழுத்தை மேலே தூக்க அந்தப் பழைய கருவியில் வழியில்லை. சுருளோ அடுத்த நாள் பாரிஸுக்குத் திரும்புகிறது. ஹைக்கேயிடம் சொன்னேன். கல்யாணம் நின்றுபோன செய்தியே அந்த நாலு வரியில்தான் வருகிறது, போட்டே ஆக வேண்டும் என்றார்.

அன்று மாலை மரியாமா தாதிச் சீருடையோடு முதல் வரிசையில் இருந்தாள். காட்சி வந்தது. விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அடுப்புப் புகைக்குள்ளிருந்து அந்தப் பெண் மெல்ல நிமிர்ந்து நேரே எங்களைப் பார்த்தாள், வாய் திறந்து என்னவோ சொன்னாள், திரும்பவும் புகைக்குள் போனாள். இருட்டில் மரியாமா எழுந்து நின்றுவிட்டாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அந்த வேலையில் அதற்குமுன் வந்ததில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு ஜேர்மன் கிழவர், இப்போது என்னதான் சொன்னார்கள் என்று எரிச்சலோடு கேட்டார். மரியாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "கல்யாணம் நின்றுவிட்டதாம். என் அம்மா உப்புக் காணாது, இன்னும் போடு என்கிறாள்."

ஐந்து வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல வேலை தட்டாமல் விட்ட அந்த நாலு வரிதான் என்பதால், இந்த வருடம் மடிக்கணினிக்கு முன்னால் என் கதிரையில் வேறு ஆள் இருக்கிறார்.